கோஹிமாவுக்கு ஓர் அறுகோணம்

கணினியில் போர் விளையாட்டு ஆடுபவர்களில் இரண்டு வகை உண்டு. கொடுத்த சண்டையை ஆடி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர்கள் ஒரு வகை. ஆட்டத்தோடு கூடவே வரும் எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு குண்டுகூடச் சுடாமல் இரவு இரண்டு மணி வரை திரையில் மரம் நட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகை. ஆடுவதில் எனக்குப் பெரிய திறமை கிடையாது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விளையாட்டின் பெயர் ஸ்டீல் பாந்தர்ஸ். கேரி கிரிக்ஸ்பியும் கீத் புரோர்ஸும் உருவாக்கி எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் 1995இல் வெளியிட்டது. வரைபடம் முழுக்க அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் தரையில் ஏறக்குறைய ஐம்பது மீட்டர். ஒவ்வொரு டாங்கிக்கும், பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு காலாட்குழுவுக்கும் தனித்தனிச் சின்னம். நிறுவனம் வேறு வேலை பார்க்கப் போன பின்பும் ஆர்வலர்கள் அதை விடவில்லை. இரண்டாம் பாகத்தின் அடித்தளத்தின் மேல் அவர்கள் கட்டி எழுப்பிய வின்-எஸ்.பி.டபிள்யூ.டபிள்யூ.2 என்ற இலவச வடிவத்தில்தான் நான் வேலை செய்தேன்.

வேலை என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். எடிட்டரில் முதலில் வெறும் பச்சைத் தரை. அதில் மேட்டை எழுப்ப வேண்டும், காட்டை நட வேண்டும், சாலையைக் கட்டம் கட்டமாக இழுக்க வேண்டும். பிறகு தேதி, பருவம், எத்தனை கட்டம் தொலைவு வரை கண்ணுக்குத் தெரியும் என்ற எண், மொத்தம் எத்தனை சுற்று. அதன் பிறகு இரு தரப்புக்கும் புள்ளிகளைச் செலவழித்துப் படை வாங்குவது. ஒவ்வொரு குழுவுக்கும் அனுபவம் இவ்வளவு, மன உறுதி இவ்வளவு என்று எண் இடலாம். எந்தச் சுற்றில், எத்தனை சதவீத வாய்ப்பில் துணைப்படை வரும் என்று சொல்லலாம். கடைசியாக, பிடிக்க வேண்டிய இடங்களில் கொடி நட்டு, ஒவ்வொரு கொடிக்கும் ஒரு மதிப்பு. அந்த மதிப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆடுபவன் எதற்காகச் சாவான் என்பதை அந்த ஒரு பெட்டியில் நாம் எழுதுகிறோம்.

நான் எடுத்துக்கொண்டது கோஹிமா. 1944 ஏப்ரல் 4இல் தொடங்கி ஜூன் 22 வரை நீண்ட போர். ஜப்பானின் 31ஆம் டிவிஷன், சுமார் பதினைந்தாயிரம் பேர், மலைகளைத் தாண்டி வந்து அந்தச் சிற்றூரை வளைத்தது. உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு பேர். அவர்களில் சண்டையிடக் கூடியவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர்தான். ராயல் வெஸ்ட் கென்ட் படையின் நான்காம் பட்டாலியன், அசாம் ரெஜிமென்ட், இன்னும் சில துணுக்குப் படைகள். ஊற்று எதிரி கைக்குப் போய்விட, தண்ணீரை அளந்து குடித்தார்கள். வானத்திலிருந்து போட்ட பொதிகளில் கணிசமானவை ஜப்பானியர் பக்கம் விழுந்தன. இதை எடிட்டரில் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். வெடிமருந்துப் பொதிகளைத் துணைப்படையாக வைத்து, ஆறாம் சுற்றில் வர அறுபது சதவீத வாய்ப்பு என்று எழுதினேன். தண்ணீருக்குப் பெட்டி இல்லை.

முற்றுகையின் உச்சம் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தில் நடந்தது. கேரிசன் குன்றின் சரிவில் படிப்படியாக வெட்டிய தளங்கள்: கீழே பங்களா, அதன் மேல் மைதானம், அதற்கும் மேல் கிளப். கீழ்த்தளத்தில் ஜப்பானியர், மேல்தளத்தில் இவர்கள், நடுவே மைதானம். அதைத் தாண்டிக் கையெறி குண்டுகளை வீசிக்கொண்டார்கள். முற்றுகை ஏப்ரல் 20ஐ ஒட்டி விலகிய பின்பும் மைதானத்துக்கான சண்டை ஓயவில்லை. மே 13இல் ஒரு லீ டாங்கியைச் சரிவில் ஏற்றிக் கொண்டுவந்து, பதுங்கு குழிகளை வெகு அருகிலிருந்து சுட்ட பிறகே டார்செட் படையினரால் அதைப் பிடிக்க முடிந்தது.

டென்னிஸ் மைதானத்தின் அளவு உலகம் முழுவதும் ஒன்றுதான். கோட்டுக்குக் கோடு நீளம் 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 11 மீட்டர். என் அறுகோணமோ ஐம்பது மீட்டர். அதாவது, ஐந்து வாரங்களுக்கு மேல் மனிதர்கள் கடக்க முடியாமல் செத்துக்கொண்டிருந்த வெளி என் வரைபடத்தில் ஒரு கட்டத்தின் பாதிகூட இல்லை. இரு தரப்பையும் அடுத்தடுத்த கட்டங்களில் நிறுத்தினால், அவர்களுக்கிடையே இருந்த தூரத்தை நான் இரண்டு மடங்காக்கிவிடுகிறேன். ஒரே கட்டத்தில் வைத்தால் கைகலப்பு ஆகி இரண்டே சுற்றில் முடிந்துவிடுகிறது. அந்த இடைத்தூரம்தான் கோஹிமா. அதற்கு என்னிடம் அளவுகோல் இல்லை. கடைசியில் ஒரு கட்டத்தில் கொடி நட்டு, அதற்கு மற்றெல்லாக் கொடிகளையும்விட அதிக மதிப்புக் கொடுத்து, மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

குன்றுகளின் பெயர்கள் இன்னொரு சங்கடம். புத்தக வரைபடங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினேன்: எஃப்.எஸ்.டி., டி.ஐ.எஸ்., ஜி.பி.டி., சிறைக் குன்று, குக்கி காவல் முனை. முதலாவது களப் பண்டகசாலை, இரண்டாவது அன்றாட வழங்கல் கிடங்கு, மூன்றாவது பொதுப் போக்குவரத்து அணி. ராணுவம் தன் மூட்டைகளை எங்கே இறக்கி வைத்ததோ, அந்த மூட்டையின் பெயரே குன்றுக்குப் பெயராகிவிட்டது. அங்காமி நாகர்கள் அந்த மேடுகளை என்னவென்று அழைத்தார்கள் என்று நான் பார்த்த எந்த வரைபடமும் சொல்லவில்லை. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் இது உறைத்தது. ஆனாலும் எழுதி முடித்தேன்.

சில ஆண்டுகள் கழித்து நேரில் போனேன். கேரிசன் குன்று இப்போது போர்க் கல்லறை. 1,420 கல்லறைகள். குன்றின் உச்சியில், எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் நினைவிடம். டென்னிஸ் மைதானத்தின் கோடுகளைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்தேன். வேகமாகக்கூட நடக்கவில்லை, எண்ணத் தொடங்கிய கணத்தில் முடிந்துவிட்டது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் இரு பெண்கள் அமர்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தார்கள். எதிரே மேட்டில் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அங்கேதான் அன்றைய நாகர் கிராமம் இருந்தது. என் வரைபடத்தில் அதற்குக் குடிசைச் சின்னங்கள் இட்டிருந்தேன். குடிசைக்குள் காலாட்குழு புகுந்தால் பாதுகாப்பு இவ்வளவு கூடும் என்று நிரலுக்குத் தெரியும். குடிசையில் யார் இருந்தார்கள் என்று கேட்க அதில் பொத்தான் இல்லை. சுமை தூக்கிய, வழி காட்டிய, காயம்பட்டவர்களைச் சுமந்த, வீடுகளை இழந்த அந்த மக்கள் எந்தத் தரப்புப் பட்டியலிலும் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு எடிட்டரைத் திறந்தேன். குழுத் தலைவர்களின் பெயர்களை நிரலே ஒரு பட்டியலிலிருந்து எடுத்து இட்டுக்கொள்ளும்; வேண்டுமானால் நாம் மாற்றலாம். கல்லறையில் படித்த பெயர்களை அங்கே இடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சண்டை முடிந்ததும் வரும் இழப்புப் பட்டியல் நினைவுக்கு வர, கையை எடுத்துவிட்டேன்.

தனிச் சண்டை போதாது, கேம்பெயினாகச் செய்வோம் என்று பிறகு இறங்கினேன். கேம்பெயின் என்பது சண்டைகளின் சங்கிலி. ஆடுபவனுக்கு ஒரு மையப் படை. அது சண்டைக்குச் சண்டை தேய்ந்தும் தேறியும் கூடவே வரும். வென்றால் இந்தச் சண்டை, தோற்றால் அந்தச் சண்டை என்று கிளை பிரிக்கலாம். ஜப்பானியத் தரப்பிலிருந்து ஆடும்படி அமைத்தேன். அங்கேதான் கோட்டோகு சாட்டோ குறுக்கே வந்தார்.

31ஆம் டிவிஷனின் தளபதி அவர். மூன்று வார உணவோடு மலை ஏறியவர்கள் அவருடைய வீரர்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது மேலதிகாரி முதாகுச்சியின் கணக்கு. முடியவில்லை, அரிசியும் வரவில்லை. மே மாத இறுதியில் சாட்டோ, இருக்கும் இடத்தை விடாதே என்ற கட்டளையை மீறித் தன் படையைப் பின்னுக்கு இழுத்தார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி தன்னிச்சையாகச் செய்யக்கூடிய காரியம் அல்ல அது. அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ராணுவ நீதிமன்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட அவர் விரும்பினார். மனநிலை சரியில்லை என்று முடிவு கட்டி விசாரணையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

இந்த மனிதரை எடிட்டரில் எங்கே வைப்பது? தலைவர் பெயர்ப் பெட்டியில் சாட்டோ என்று எழுதலாம், எழுதினேன். குண்டு தீர்வதை நிரல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் துல்லியமாக எண்ணுகிறது, பசியை எண்ணாது. பயந்து பின்வாங்கும் குழுவை அதற்குத் தெரியும். யோசித்துப் பின்வாங்கும் தளபதியைத் தெரியாது. (பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824இல் வகுத்த கிரீக்ஸ்பீல் ஆட்டத்தில் நடுவர் என்று ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். 1876இல் வெர்டி து வெர்னுவா விதிப் புத்தகத்தையே ஓரம் கட்டி, நடுவரின் தீர்ப்பு போதும் என்றார். சாட்டோவுக்கு அப்படிப்பட்ட ஆட்டத்தில் இடம் கிடைத்திருக்கும். கணினியில் நடுவரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கூட்டல் கணக்கு.)

இரண்டு மாதம் கிடப்பில் போட்டுவிட்டு ஒரு வழி கண்டேன். கடைசிச் சண்டையில் டென்னிஸ் மைதானத்திலும் குன்றுகளிலும் ஒரு கொடிகூட நடவில்லை. எல்லாக் கொடிகளையும் ஜப்பானியரின் முதுகுக்குப் பின்னால், வரைபடத்தின் கிழக்கு விளிம்பில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நட்டேன். மழைக்காலம் என்பதால் பார்வைத் தூரத்தை ஐந்து கட்டமாகக் குறைத்தேன். சண்டைக் குறிப்பில் எந்த விளக்கமும் எழுதவில்லை. கட்டளை வந்திருக்கிறது, உணவு வரவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரிக் கால நண்பன் ஒருவனுக்கு ஆடிப் பார்க்க அனுப்பினேன். என்னைவிட நன்றாக ஆடுகிறவன். முதல் நான்கு சண்டைகளையும் வென்றுவிட்டான். எந்தக் கிளை வழியே வந்தாலும் கடைசிச் சண்டை அதுதான் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைபேசியில் கூப்பிட்டான்.

“மத்ததெல்லாம் பிரமாதம்டா. கடைசி மேப்புல மட்டும் கொடியெல்லாம் தப்பான பக்கத்துல வச்சிருக்க. பார்த்து மாத்திடு.”

“நீ என்ன பண்ணின?” என்று கேட்டேன்.

“நான் எதுக்குத் திரும்பிப் போகணும்? மைதானத்தைப் பிடிச்சிட்டேன். பாதிப் பேர் காலி. ஆனா தோத்துட்டேன்னு சொல்லுது.”

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அன்றிரவு கோப்பைத் திறந்து, மூன்று கொடிகளை இன்னும் இரண்டு கட்டம் கிழக்கே தள்ளி நட்டுவிட்டு மூடினேன்.