சமைத்தவர் வந்து நின்ற மேசை



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சபையின் ஓர் இளம் தம்பதியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். திருமண நாளை முன்னிட்டு, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் நான்கு நாள் பயணத்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறார்கள். அந்தக் கப்பலில் தலைமைச் சமையல் கலைஞரே முன்னின்று நடத்தும் தனி விருந்து ஒன்று உண்டாம். ‘ஷெஃப்ஸ் டேபிள்’ என்று அதற்குப் பெயர். “ஐயா, நீங்களும் அம்மாவும் அப்படியொரு விருந்துக்குப் போயிருக்கிறீர்களாமே. கொடுக்கிற பணத்துக்கு அது தகுமா?” என்று கேட்டார்கள்.

“நல்லதுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த விடை எனக்கே போதவில்லை. அவர்கள் கேட்டது பணத்தைப் பற்றிய நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், நான் வெட்கப்பட்ட இரண்டு இடங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகையால் இந்த வாரச் சிந்தனையை அந்தப் பதிலாகவே எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் முப்பதாவது திருமண நாளுக்காக, சிங்கப்பூரில் பணிபுரியும் எங்கள் மகன் எங்களைக் கப்பலேற்றி அனுப்பினான். பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பும் பயணம். கப்பலில் கால் வைத்த அன்றே அவனிடமிருந்து செய்தி வந்தது: “அப்பா, ஷெஃப்ஸ் டேபிளில் பன்னிரண்டு இடங்கள்தான். இன்றே சொன்னால்தான் கிடைக்கும். பணம் நான் கட்டிவிடுகிறேன்.”

கட்டணத்தை விசாரித்தேன். ஆளுக்கு ஏறக்குறைய 100 அமெரிக்க டாலர். இருவருக்கும் சேர்த்து நம் பணத்தில் 16,000 ரூபாய்க்கு மேல். கப்பல் பயணத்தை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பயணச் சீட்டின் விலையிலேயே மூன்று வேளை உணவும் அடங்கியிருக்கிறது. பெரிய உணவுக்கூடத்தில் அமர்ந்து, பட்டியலில் உள்ள பெரும்பாலானவற்றைக் கேட்டு வாங்கி உண்ணலாம். அவற்றுக்குத் தனியே ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஒரு வேளை இரவு உணவுக்கு 16,000 ரூபாயா?

“வேண்டாம்” என்றேன். “இந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தாலாவது புண்ணியம் உண்டு.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். “கொடுங்கள். ஊருக்குப் போனதும் இதே தொகையைக் கொடுப்பீர்களா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே சொன்னாள்: “முப்பது வருஷமாகக் குருமனைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டிருக்கிறேன். எல்லோரும் எழுந்த பிறகு, ஆறியதைத்தான் தின்றிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சமைத்தவரே வந்து ‘இதை இப்படிச் செய்தேன், சாப்பிட்டுப் பாருங்கள்’ என்று எனக்குச் சொல்லட்டுமே என்று நினைத்தேன். பரவாயில்லை, விடுங்கள்.”

பெத்தானியா ஊரில் ஒரு பெண் விலையேறப்பெற்ற தைலத்தை ஊற்றியபோது, அதை விற்றால் இவ்வளவு கிடைக்குமே, ஏழைகளுக்கு உதவுமே என்று கணக்குப் போட்டவன் யார் என்பதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அந்தக் கணக்கு என் வாயிலிருந்தே வந்தது. உண்மையில் ஏழைகளின் நினைவு எனக்கு அந்த நேரத்தில் இல்லை. ‘போதகர் கப்பலில் போய் இவ்வளவு செலவழித்து விருந்து உண்டார்’ என்று சபையார் பேசுவார்களே என்ற பயம்தான் இருந்தது. அந்தப் பயத்துக்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டிக்கொண்டேன். என் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு, நானே போய் எங்கள் இருவரின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை எங்களுடன் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை மேலங்கி கொடுத்து, கைகளைக் கழுவச் சொல்லி, கப்பலின் சமையற்கூடத்துக்குள் அழைத்துச் சென்றார்கள். உணவுக்கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே வேளை அது. பக்கத்துச் சுவருக்கு அப்பால் மெல்லிய இசை. இங்கே தட்டுகளின் ஓசையும், ஆணைகளும், ‘வருகிறது’ என்ற பதில்களும். எங்கு பார்த்தாலும் துருப்பிடிக்காத எஃகு. கடல் பொங்கும்போது பாத்திரங்கள் நழுவாதபடி அடுப்புகளைச் சுற்றிக் கம்பித் தடுப்பு. பச்சை இறைச்சிக்கு ஒரு நிறம், மீனுக்கு ஒரு நிறம், காய்கறிக்கு ஒரு நிறம் என்று வெட்டுப் பலகைகள். ஒவ்வொரு உணவும் தட்டில் எப்படி அமைய வேண்டும் என்பதற்குச் சுவரில் நிழற்படங்கள். ரொட்டி சுடுகிறவர்களுக்கு இரவுதான் பகல் என்றார்கள். காலையில் நாம் எடுத்துப் பிய்க்கும் ரொட்டிக்காக, நாம் உறங்கும்போது அவர்கள் மாவு பிசைகிறார்கள்.

அங்கேயே நின்றபடி சிறு சிறு பண்டங்களும் ஷாம்பெயினும் பரிமாறினார்கள். நாங்கள் ஆரஞ்சுச் சாறு வாங்கிக்கொண்டோம். பிறகு தனியே அலங்கரிக்கப்பட்ட மேசைக்கு அழைத்துச் சென்றார்கள். இறால், காளான் சேர்த்த சோறு, நாவைத் தெளியவைக்க எலுமிச்சைப் பனிக்கூழ், எங்கள் கண்முன்னே அரியப்பட்ட இறைச்சி, இறுதியில் சாக்லேட்டால் ஆன இனிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஒரு திராட்சை மதுவும் உண்டு, நாங்கள் தொடவில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தோம். நான்காவது தட்டு வரும்போதே என் வயிறு நிறைந்துவிட்டது. எங்களுக்கு அடுத்திருந்தவர்கள், தாங்கள் முன்பு சென்ற கப்பல்களை ஒப்பிட்டுப் பேசுவதிலேயே பொழுதைக் கழித்தார்கள். உணவு சுவையாகத்தான் இருந்தது. ஆனால் முந்தின இரவு, செலவில்லாமல் உணவுக்கூடத்தில் உண்டதைவிடப் பல மடங்கு சுவை என்று சொன்னால் அது பொய்யாகும்.

தலைமைச் சமையல் கலைஞர் கோவாவைச் சேர்ந்தவர். ஒவ்வொரு தட்டு வரும்போதும் மேசையின் தலைமாட்டில் வந்து நின்று, அது எப்படிச் செய்யப்பட்டது என்று விளக்குவார். விருந்தினர் கேள்வி கேட்பார்கள். இந்த இறால் எந்தக் கடலில் பிடித்தது? இந்த இறைச்சிக்கு எந்த மது பொருந்தும்? எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்துடன் விடை சொன்னார்.

இறைச்சித் தட்டு வந்தபோது என் மனைவி கேட்டாள்: “நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள்?”

அவர் ஒரு கணம் நின்றார். “பதினொரு மணி ஆகும், அம்மா. கீழே ஊழியர் உணவறையில். சோறும் பருப்பும் கிடைத்தால் எனக்குப் போதும்” என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, தம் வீட்டைப் பற்றிச் சொன்னார். கடலுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மூத்த மகளின் புதுநன்மைச் சடங்கு நடந்த நாளில், அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஆயிரம் பேருக்கு இரவு உணவு தயாரித்துக்கொண்டிருந்தாராம். “நிழற்படம் அனுப்பினார்கள். அதைக் குளிர்பதன அறைக்குள் நின்று பார்த்தேன். அங்கேதான் யாரும் இல்லை” என்றார். மேசையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் முதன்முறையாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பிய பின், கப்பல் தொழிலாளரைப் பற்றிச் சிறிது படித்தேன். 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வும், 7 நாளில் 77 மணி நேர ஓய்வும் தர வேண்டும் என்கிறது. இது அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, நல்லதே. ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அந்த வரம்புக்குள்ளேயே வாரத்துக்கு 91 மணி நேரம் வரை மீதம் இருக்கிறது. மாதக்கணக்கில், ஞாயிறும் இல்லாமல்.

கப்பலில் தனிக் கட்டணம் வாங்கும் விருந்து இன்று தோன்றியதன்று. 1905இல் ‘அமெரிக்கா’ என்னும் ஜெர்மானியக் கப்பலில் அப்படியொரு உணவகம் தொடங்கப்பட்டது. 1912இல் டைட்டானிக் கப்பலிலும் ஒன்று இருந்தது. 1912 ஏப்ரல் 14 அன்று இரவு, அந்த உணவகத்தில்தான் ஃபிலடெல்ஃபியாவின் வைட்னர் குடும்பத்தினர் கப்பல் தலைவர் எட்வர்ட் ஸ்மித்துக்கு விருந்தளித்தனர். சில மணி நேரத்தில் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அந்த உணவகத்தை நடத்திய லூய்ஜி காட்டி என்பவரும், அவரிடம் பணிபுரிந்த அறுபதுக்கும் மேற்பட்டோரும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர். அவர்களில் உயிர் தப்பியவர்கள் மூன்றே பேர். அந்த விருந்தில் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்பது நூல்களில் பதிவாகியிருக்கிறது. பரிமாறியவர்களின் பெயர்களைத் தேடிப் போனால்தான் கண்டடைய முடிகிறது.

இனி, நான் வெட்கப்பட்ட இரண்டாவது இடம். அது கப்பலில் இல்லை. நம் ஆலய வளாகத்தில் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் நம் சபையில் அசனம் நடக்கிறது. பின்புறக் கொட்டகையில், முந்தின இரவே விறகடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறும் குழம்பும் ஆக்குகிறார்கள். நான் வந்து ஜெபித்து ஆரம்பித்து வைப்பேன், முதல் பந்தியில் மூப்பர்களுடன் அமர்ந்து உண்பேன், கைகழுவிப் போய்விடுவேன். பதினொரு ஆண்டுகளாக இதுவே வழக்கம். கப்பலிலிருந்து திரும்பிய பின் வந்த அசனத்தில், என் மனைவியின் கேள்வி என் காதில் ஒலித்தது. முதல் பந்தியில் அமராமல் கொட்டகைக்குப் போனேன். பெரியவர் ஒருவர் அண்டாவின் பக்கத்தில் கரண்டியோடு நின்றார். புகையில் கண் சிவந்திருந்தது. “நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் கூச்சத்துடன் சிரித்தார். “நான் அசனத்தில் சாப்பிடுகிறதில்லை ஐயா. இரவெல்லாம் புகை குடித்த வயிற்றுக்கு ஒன்றும் இறங்காது. ஒரு தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு போய், ராத்திரி வீட்டில் வைத்துச் சாப்பிடுவேன்.” எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டேன். “ஐயா இந்தச் சபைக்கு வருகிறதற்கு முந்தியே” என்றார்.

ஆயிரம் பேர் ஒரே பந்தியாக அமர்வதைக் குறித்து நான் எத்தனையோ முறை பெருமையாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பந்தியில் ஒருவருக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அவருடைய பெயரையே அன்றுதான் கேட்டு அறிந்தேன்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீஷருக்காகக் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்திருந்ததை நாம் அறிவோம். இரவெல்லாம் வலைபோட்டுக் களைத்து வந்தவர்களைச் சாப்பிட அழைத்தவர் அவரே, பரிமாறியவரும் அவரே. அடுப்பருகே நிற்பது தாழ்ந்த வேலை என்று எண்ணுகிறவன் அந்தக் கரையில் யாரை அடையாளம் காண்பான்?

ஆகவே, தம்பி, தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சுவைக்காக மட்டும் போவதானால் அந்த விருந்து தேவையில்லை. உணவுக்கூடத்தில் கிடைப்பதும் அதே சமையற்கூடத்திலிருந்து வருவதே. மது அருந்தாதவர்களுக்கு, கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு வீணாகும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். கடன் வாங்கியோ, வீட்டுச் செலவைக் குறைத்தோ போகவே வேண்டாம். போவதென்று முடிவு செய்தால், முதல் நாளே இடத்தைக் கேளுங்கள். உண்ணக்கூடாதது ஏதேனும் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சமையற்கூடத்தைச் சுற்றிக் காட்டுவார்களா என்று விசாரியுங்கள். சில கப்பல்களில் அது கிடையாது. அது இல்லையென்றால், என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன்.

எங்களுக்கு அது தகுந்ததா? என் மனைவியிடம் நேற்று கேட்டேன். “எனக்குத் தகுந்தது” என்றாள். “அந்த மனுஷர் எனக்காக வந்து நின்றார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.”

இந்த ஆண்டு அசனத்தில் ஒரு சிறு மாற்றம் செய்ய மூப்பர்களுடன் பேசி முடிவு செய்திருக்கிறோம். கடைசிப் பந்தி முடிந்ததும் கொட்டகையில் ஒரு பாய் விரிக்கப்படும். சமைத்தவர்கள் அமர்வார்கள், மூப்பர்களும் நானும் பரிமாறுவோம். புகை குடித்த வயிற்றுக்கு இறங்குவதுபோல, மோரும் கஞ்சியும் துவையலும் தனியே செய்து தருவதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள். உதவ மனமுள்ளவர்கள் குருமனைக்கு வந்து அவளிடம் பெயர் கொடுக்கலாம்.

அதற்கு முன், இந்த வாரத்தில், உங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

கர்த்தர் உங்கள் மேசையை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் போதகர்