ஒண்டுக்குடித்தன சர்வர்

குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வரைத் தனி வீடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒண்டுக்குடித்தனம். ஒரே பெரிய கணினிக்குள் பல குடித்தனங்கள். ஓபன்விஇசட் முறையில் லினக்ஸின் கெர்னல்கூட எல்லோருக்கும் பொது, முற்றத்துக் கிணறு மாதிரி. ஒரு வீட்டுக்கு இத்தனை குடம்தான் என்று அளவு வைத்திருப்பார்கள்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் இணையதளம் 2012-ல் அப்படி ஒன்றில்தான் இருந்தது. நினைவகம் 256 எம்பி. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ஜீவன் பிரமாண் வராத காலம், தாள் படிவம்தான். அதை எடுக்கக் காலை 10 மணிக்கு எல்லோரும் சேர்ந்து வருவார்கள், தளம் படுத்துவிடும். சான்று போகாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடுமே! 84 வயதுப் பெரியவர் ஒருவர், "தம்பி, திறக்கவே மாட்டேங்குதே" என்று போனில் தழுதழுத்தார்.

விழுந்தது மைஎஸ்க்யூஎல். நினைவகம் கிடைக்கவில்லை என்று அதன் பதிவில் இருந்தது. வாடகைக்கு விட்டவர்கள் பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். பொருளாளரும் தயார். கணக்கைப் பார்த்துவிட்டுச் செலவு செய்வோம் என்றேன்.

கணக்கு, 'யூசர் பீன்கவுண்டர்ஸ்' என்ற கோப்பில் இருக்கிறது. பீன்கவுண்டர் என்றால் அவரை விதையைக்கூட எண்ணும் கஞ்சக் கணக்கர். கணக்குப் பிரிவில் 33 வருஷம் இருந்த எனக்குப் பெயரே பிடித்துப்போயிற்று! அதில் கடைசிப் பத்தி 'ஃபெயில்கவுண்ட்': கேட்டு, இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட தடவைகள். எல்லா வரியிலும் பூஜ்யம். 'ப்ரிவ்விஎம்பேஜஸ்' வரியில் மட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அதன் எல்லை 65,536 பக்கம். பக்கத்துக்கு 4 கேபி. பெருக்கினால் அதே 256 எம்பி.

தின்றது யார்? அப்பாச்சி. வருகிறவர்களைக் கவனிக்க அது ஆள் எழுப்பும். ஆளுக்குச் சுமார் 15 எம்பி. 150 ஆள் வரை எழுப்பலாம் என்று நிறுவும்போதே வந்த அளவு. அது 2,250 எம்பி! 8 ஆக்கினேன். ஒன்பதாவதாக வந்தவர் சில விநாடி வரிசையில் நின்றார். ஆனால் எல்லோருக்கும் படிவம் கிடைத்தது. வாடகை கூடவில்லை.

இன்று பல சர்வர்களில் அந்தக் கோப்பு இல்லை. சிகுரூப் என்ற ஏற்பாடு அந்த வேலையைச் செய்கிறது. வழி மட்டும் மாறவில்லை. விழுந்தவனையே குற்றவாளி என்று எண்ணாதீர்கள். எந்த எல்லையில் முட்டுகிறது, யார் முட்டுகிறார்கள் என்று பாருங்கள். இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, நாளை ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகு பணப்பையைத் திறக்கலாம்.