மணிலாவின் சட்டை, கலிபோவின் நார்

மணிலாவின் பழைய கோட்டை நகரமான இன்ட்ராமுரோஸில் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பிலிப்பைன்ஸ் வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். தேசிய நாயகர் ஹோசே ரிசாலின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட், தேசியக் கொடியின் எட்டுக் கதிர்ச் சூரியனைப் பொறித்த தொப்பி, ஸ்பானியர் வருவதற்கு முன்பே வழக்கிலிருந்த பைபாயின் எழுத்தில் பெயர் வெட்டிய பதக்கம், அபாக்கா நாரில் பின்னிய கைப்பை. வாங்க நிற்பவர்களில் உள்ளூர்ப் பிள்ளைகளே அதிகம். 1896 டிசம்பர் 30 அன்று ரிசால் சுட்டுக்கொல்லப்பட்ட லுனெட்டா திடலுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அந்த மனிதரின் முகத்தை இருபது வயதுப் பையன் நெஞ்சில் சுமந்து திரிவது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் தேடி வந்தது அச்சிட்ட படத்தை அல்ல, நெய்த துணியை.

அதற்கு முதலில் போகவேண்டிய இடம் தேசிய அருங்காட்சியகத்தின் மானுடவியல் பிரிவு. ரொம்ப்லோன் மாகாணத்தின் பான்டன் தீவில், ஒரு குகையிலிருந்த மரச் சவப்பெட்டியில் கிடைத்த துணி அங்கே இருக்கிறது. 13 அல்லது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். பாவு நூலை அங்கங்கே கட்டிச் சாயம் தோய்த்து நெய்யும் இக்கத் முறையில், தென்கிழக்கு ஆசியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய துணி இதுதான். மகெல்லன் 1521இல் வந்து இறங்குவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. அந்தத் தீவுகளுக்கு நாகரிகமான உடை கப்பலில் வந்தது என்று யாராவது சொன்னால் இந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தலாம்.

அதே மரபின் உயிருள்ள கிளை தெற்கே மிண்டனாவோவில், செபு ஏரிக்கரையில் வாழும் திபோலி மக்களிடம் இருக்கிறது. அவர்கள் நெய்யும் திநாலாக் துணி அபாக்கா நாரால் ஆனது. நிறம் கறுப்பு, சிவப்பு, வெள்ளை. கோலங்கள் நெசவாளியின் கனவில் வருகின்றன, அவற்றைத் தருவது அபாக்காவின் தெய்வமான ஃபு டாலு என்பது அவர்கள் நம்பிக்கை. 1998இல் தேசத்தின் உயரிய கைவினை விருதைப் பெற்ற லாங் டுலாய் அப்படிக் கனவு கண்டு நெய்தவர், 2015இல் மறைந்தார். அந்தத் துணியை அவர்கள் தாண்டிக்கூடப் போகமாட்டார்கள். அதே கோலத்தை பாலியஸ்டரில் அச்சடித்து, பணப்பையாகவும் செருப்பு வாராகவும் விற்பதைப் பார்த்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிலிப்பைன்ஸ் ஆணின் உடை என்றதும் உலகம் நினைப்பது பரோங் தகாலோக்கைத்தான். இடுப்புக்குக் கீழே தொங்கும், உள்ளே இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிய, நெஞ்சில் பூத்தையல் நிறைந்த சட்டை. இதற்கு ஒரு கதையை வழிகாட்டிகள் எல்லோரும் சொல்கிறார்கள். உள்நாட்டு மக்கள் ஆயுதத்தை ஒளித்து வைக்கக்கூடாது என்பதற்காக ஸ்பானியர்கள் மெல்லிய துணியை உடுத்தச் சொன்னார்களாம். அடிமை என்று காட்ட, சட்டையைக் கால்சட்டைக்குள் செருகவும் விடவில்லையாம். அப்படி ஓர் ஆணை இருந்ததற்கு வரலாற்றாசிரியர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாமியான் டொமிங்கோ தீட்டிய ஓவியங்களைப் பாருங்கள். வசதி படைத்த உள்நாட்டவர் பூவேலை செய்த சட்டையை வெளியே விட்டு, மிடுக்காக நிற்கிறார்கள். இந்த அழகை எசமானின் ஆணைக்குக் கணக்கெழுதினால், அதை உண்டாக்கிய கைகளுக்கு என்ன மிஞ்சும்? அந்த வெக்கையில் உடம்புக்கு எது ஏற்றது என்று அறிந்தவர்கள், தங்கள் மண்ணில் விளைந்த நாரில் செய்துகொண்ட சட்டை அது.

அமெரிக்க ஆட்சியில் அரசியல்வாதிகள் கோட்டு சூட்டுக்கு மாறினார்கள். 1953இல் ரமோன் மக்சேசே பரோங் அணிந்து குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது அந்தச் சட்டை அரச மரியாதையை அடைந்தது. பெண்கள் அதற்கும் முன்பே முந்திக்கொண்டார்கள். வாக்குரிமை கேட்ட பெண்களில் பலர் மேடையேறியது, பட்டாம்பூச்சியின் பெயரால் அழைக்கப்படும் விறைத்த கைகளையுடைய தெர்னோவிலும், தோளை மூடும் பன்யுவேலோவிலும்தான். ‘பெண் அரசியலுக்கு வந்தால் மரபு போய்விடும்’ என்றவர்களுக்கு மரபையே உடுத்திப் பதில் சொன்னார்கள். மூன்று லட்சம் பெண்கள் ஆதரித்தால் உரிமை உண்டு என்றது சட்டம். 1937 ஏப்ரல் 30 அன்று 4,47,725 பெண்கள் ஆதரித்து வாக்களித்தார்கள்.

சென்னைக்காரனான எனக்கு மணிலாவோடு ஒரு பழைய உறவும் உண்டு. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டிய ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் மணிலா வணிகத்தில் பொருள் சேர்த்தவர். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி மணிலாவுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் மெக்சிகோவின் அகாபுல்கோ வரை சென்ற காலம் அது. தறியைத் தேடித் தமிழன் ஒருவன் மணிலா போவதில் வியப்பில்லை.

தலைநகருக்குத் தெற்கே, லகுனா ஏரிக்கரையில் உள்ள லும்பான் பூத்தையல் ஊர். வீட்டு வாசலில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நூல்களை எண்ணி உருவி, மிச்ச நூலைச் சேர்த்துக் கட்டிச் சல்லடைக் கண் போலச் செய்கிறார்கள். கலாதோ என்னும் இந்த வேலையை மெல்லிய நாரில் செய்யும்போது ஓர் இழை தவறினாலும் துணி கெட்டுவிடும். அங்கேதான் ஒருவர் விளக்கினார்: இன்று ஹூசி என்று விற்கும் பரோங் துணி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் பட்டு ஆர்கன்சா, வாழை நார் என்று சொன்னால் நம்பாதீர்கள். அசல் நார் வேண்டுமென்றால் கலிபோவுக்குப் போங்கள்.

கலிபோ, பனாய் தீவின் அக்லான் மாகாணத் தலைநகர். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நேராகப் போராகாய் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். ஊரிலோ அன்னாசி இலையிலிருந்து பீன்யா நெய்கிறார்கள். அன்னாசி தென் அமெரிக்காவிலிருந்து ஸ்பானியர் கொண்டுவந்த செடி. அதன் இலையைத் துணியாக்கிய கைத்திறன் இந்த ஊருடையது. நான் போன பட்டறையில் முதலில் முள்ளை அரிந்துவிட்டு, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் நீண்ட இலையைச் சுரண்டினார்கள். தோல் உரிந்து முரட்டு நார் வெளிவந்தது. பிறகு அதே இலையைத் தேங்காய்ச் சிரட்டையால் மெல்லச் சுரண்ட, கீழடுக்கிலிருந்து லினிவான் என்னும் மென்னார் வந்தது. தலைமயிரைவிட மெல்லியது. அலசி, அடித்து, காயவைத்துச் சீப்பால் வாருகிறார்கள்.

அடுத்த வேலைதான் என்னை அங்கேயே உட்காரவைத்தது. நாரின் நீளம் இலையின் நீளம்தான். நூலாக வேண்டுமென்றால் ஒன்றோடொன்று முடிய வேண்டும். மின்விசிறியை அணைத்துவிட்ட அறையில், காற்றில் நார் பறக்காதபடி, வயதான பெண்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முடிச்சு, நுனியை நறுக்கு, அடுத்த நார். ஒரு சட்டைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் நானாய், அதாவது அம்மா, என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

“மகள் மணிலாவில் கால் சென்டரில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு இந்தத் துணிதான் வேண்டும் என்கிறாள். முடிச்சுப் போட மட்டும் வரமாட்டேன் என்கிறாள்” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. முடிச்சுப் போட்ட நாரை எடை போட்டு விற்கிறார்கள். அவ்வளவு மெல்லியதை எடை போட்டால் தராசு எங்கே இறங்கும்? தறியில் உட்கார்ந்திருந்த பெண் கால்மிதியை அழுத்தி நாடாவை விட்டுக்கொண்டிருந்தார். பாவு அடிக்கடி அறுந்தது. ஒவ்வொரு முறையும் நின்று, முடிந்து, பிறகு தொடர்ந்தார். சுத்தமான பீன்யாவில் நாள் முழுக்க நெய்தாலும் ஒரு மீட்டரை எட்டுவது அரிது.

2004இல் வந்த ஒரு சட்டம் அரசு ஊழியர் சீருடையில் உள்நாட்டு நார்த்துணியைப் பயன்படுத்தச் சொல்கிறது. 2023இல் அக்லானின் பீன்யா நெசவை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் நல்லவை. ஆனாலும் மென்னார் முடிகிற பெண்ணின் நாள் வருமானம், அவள் மகளின் சம்பளத்துக்கு அருகிலாவது வரவேண்டும். அது நடக்காதவரை பட்டியலால் தறியைக் காப்பாற்ற முடியாது.

போராகாய் போகிறவர்கள் கலிபோவில் ஒரு பகலாவது தங்குங்கள். பட்டறைக்கே போய் வாங்குங்கள். இது சுத்த பீன்யாவா, பட்டு கலந்ததா என்று கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். வெளிச்சத்தில் பிடித்து முடிச்சுகளைப் பாருங்கள். சட்டை வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் ஒரு கைக்குட்டை வாங்குங்கள், பேரம் மட்டும் பேசாதீர்கள்.