திறந்த கதவுகள்

கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பர். அதன் முழுப்பொருளை நான் உணர்ந்தது, சென்னையில் மாதந்தோறும் கூடிய லினக்ஸ் பயனர் குழுவில்தான்.

விலைக்கு வாங்கும் மென்பொருள் பெரும்பாலும் பூட்டிய பெட்டி போன்றது. அதனை இயக்கலாம், உள்ளிருக்கும் மூல நிரலைக் காண இயலாது. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், ஆராய்ந்து திருத்தவும், படியெடுத்துப் பகிரவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் பயனர்க்கு உரிமை வேண்டும் என்பது அவர் தொடங்கிய இயக்கத்தின் கொள்கை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். உலகெங்கும் பயனர் குழுக்கள் தோன்றின.

சென்னைக் குழு, இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், இரண்டாம் சனிக்கிழமைப் பிற்பகலில் கூடுவது வழக்கமாக இருந்தது. கட்டணம் இல்லை, எவரும் வரலாம். ஒருவர் பைத்தான் மொழியை விளக்குவார். மற்றொருவர் தாம் எழுதிய சிறு நிரலைத் திரையில் காட்டுவார். முற்றும் கற்றவர் வந்து பேசட்டும் என்று அங்கு யாரும் காத்திருப்பதில்லை. சென்ற மாதம் கற்றதை இந்த மாதம் பிறர்க்குச் சொல்வோரும் உண்டு.

உரை முடிந்தபின் தேநீர்ப் பொழுது. அரங்கில் கேட்கக் கூசிய வினாக்கள் அங்கேதான் வெளிப்படும். முதலாண்டு மாணவி ஒருவரின் மடிக்கணினியில் ஒலி வரவில்லை. பட்டறிவு மிக்க பொறியாளர் ஒருவர் அருகில் அமர்ந்தார். எந்தப் பிழைச்செய்தியைப் படிக்க வேண்டும் என்று மட்டும் காட்டினார். கட்டளைகளைத் தட்டச்சு செய்தவர் அம்மாணவியே. ஒலி வந்தபோது இருவர் முகமும் ஒருசேர மலர்ந்தன.

அத்தகைய உரையாடல்களில் தமிழும் இடம்பெற்றது. 'பதிவிறக்கு' என்பதா, 'தரவிறக்கு' என்பதா என்று தேநீர் ஆறும்வரை வழக்காடுவோம். அது வீண் சொற்போர் அன்று. வணிக நிறுவனம், சந்தையின் அளவைப் பார்த்தே ஒரு மொழிக்கு இடமளிக்கும். கட்டற்ற மென்பொருளில் மொழிபெயர்க்க எவர் இசைவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. லிப்ரெஓபிஸ், க்னோம் போன்ற மென்பொருள்களின் பட்டிகளில் தமிழ்ச் சொற்கள் இருப்பதற்குத் தன்னார்வலர் உழைப்பே காரணம். அவர்கள் சோர்ந்தால், அடுத்த பதிப்பில் புதிதாய்ச் சேரும் கட்டளைகள் ஆங்கிலத்திலேயே நின்றுவிடும்.

பெற்றுச் செல்வோர் பெருகிக் கொடுப்போர் அருகினால், எத்தகைய குழுவும் நிலைக்காது. கொடுக்கப் பேரறிவு தேவையில்லை. கண்ட பிழையைத் தெளிவாக எழுதி அறிவிக்கலாம். ஒரு சொல்லுக்குத் தமிழ் காணலாம். கற்ற ஒன்றை அருகிலிருப்பவர்க்குச் சொல்லலாம். இவை மூன்றும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கும் இயலும் செயல்களே.