சக்கரமில்லாத வண்டி

வண்டி என்றால் சக்கரம் இருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மாண்ட் ராஜ்யத்துக்கு ஜனவரி மாதத்தில் போய்ப் பாருங்கள். மலையெல்லாம் முழங்கால் ஆழத்துக்கு வெண்பனி. சக்கரம் அதில் புதைந்துவிடும். சறுக்கு வண்டியோ வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் காட்டு விறகைக் கொண்டுவரக் குளிர்காலத்துக்காகக் காத்திருந்தார்கள். இப்போது டிராக்டர் வந்துவிட்டது. ஆனாலும் குதிரையை விடாதவர்கள் சிலர் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

வண்டி செய்வது சுலபம் என்று எண்ணிவிடாதீர்கள். அடியில் ஓக் அல்லது மேப்பிள் மரத்தில் இரண்டு நீளமான சறுக்குக் கட்டைகள். முன்புறம் மேல்நோக்கி வளைந்திராவிட்டால் பனியில் குத்திக்கொண்டு நின்றுவிடும். இயற்கையிலேயே வளைந்த மரமாகத் தேடி எடுப்பார்கள். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு, அந்த இடத்திலேயே முறியும். கட்டைக்கு அடியில் இரும்புப் பட்டை, மேலே குறுக்குச் சட்டங்கள். மூட்டுகளில் கொஞ்சம் ஆட்டமும் வேண்டும். மேடு பள்ளத்தில் வண்டி நெளிந்து கொடுக்க வேண்டாமா?

4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம் அடுக்கிய விறகுக்கு ஒரு 'கார்டு' என்று பெயர். பச்சை மரமானால் ஏறக்குறைய 2 டன் கனக்கும். இவ்வளவையும் இழுப்பதுதான் கஷ்டம் என்கிறீர்களா? இல்லை, நிறுத்துவதுதான் கஷ்டம்! இறக்கத்தில் பாரம் தானாகவே பாயும். வெறும் சங்கிலியில் பூட்டியிருந்தால் குதிரையின் காலை முறித்துவிடும். ஆகையால் இரு குதிரைகளுக்கும் நடுவே உறுதியான ஏர்க்கால். பின்தொடையைச் சுற்றி ஒரு தோல்வார். குதிரைகள் அதில் உட்காருவதுபோல் சாய்ந்து பாரத்தைத் தாங்கும். சரிவு அதிகமானால் சறுக்குக் கட்டையைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டுவார்கள். அது பனியைக் கீறிக்கொண்டு வேகத்தைத் தணிக்கும். அந்தச் சங்கிலியை மறந்தால் குதிரைக்கும் ஆபத்து, ஓட்டுகிறவனுக்கும் ஆபத்து.

இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த விறகு உடனே அடுப்புக்குப் போகுமா? போகாது. ஈர விறகோடு கண்ணைக் கசக்கிய நம் பாட்டிமாருக்கு இது தெரியும். பிளந்து அடுக்கி, கோடை முழுவதும் உலர்த்தி, அடுத்த குளிருக்குத்தான் எரிப்பார்கள். இன்று வீட்டைக் கதகதப்பாக்குவது போன வருஷத்து உழைப்பு!

வீடு வந்த வண்டிக்காரன் உடனே குளிர்காயப் போக மாட்டான். குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் இரண்டு கழிகளைச் செருகுவான். இல்லாவிட்டால் இரவில் பனி உறைந்து வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காலையில் குதிரைகள் அல்லவா திண்டாட வேண்டும்?