ஓட்டம் நின்ற செவ்வாய்க்கிழமை

'தி ஃப்யூஜிடிவ்'னு சொன்னா நம்மாளுங்க பலருக்கு 1993ல வந்த ஹாரிசன் ஃபோர்டு படம்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வர்றது அதுக்கும் தாத்தா. 1963லேர்ந்து 1967 வரைக்கும் அமெரிக்காவுல ஏபிசி சேனல்ல ஓடின சீரியல், மொத்தம் 120 எபிசோட். கடைசி ரெண்டையும் போன வாரம் ஒரே மூச்சுல பார்த்து முடிச்சேன். இனிமேதான் பார்க்கப் போறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க, கீழே முழுக் கதையும் இருக்கு :-)

டாக்டர் ரிச்சர்ட் கிம்பிளுக்கு (டேவிட் ஜேன்சன்) மனைவியைக் கொன்னதா மரண தண்டனை. கூட்டிட்டுப் போற ரயில் கவிழ, தப்பிச்சிடறார். சம்பவத்தன்னிக்கு ஒத்தைக்கை ஆளு ஒருத்தன் ஓடினதைப் பார்த்தேன்னு அவர் சொன்னதை யாரும் நம்பலை. அவனைத் தேடி இவர், இவரைத் தேடி லெஃப்டினன்ட் ஜெரார்ட் (பேரி மோர்ஸ்). நாலு வருஷம் இதேதான்.

அந்தக் காலத்து சீரியல்கள் பெரும்பாலும் முடியாது, நின்னு போகும். இதுக்கு மட்டும் ஒழுங்கா ஒரு முடிவு வச்சாங்க. 1967 ஆகஸ்ட் 22, 29ன்னு ரெண்டு செவ்வாய்க்கிழமை. ரெண்டாவது பகுதியைப் பார்த்தவங்க சுமார் 7 கோடியே 80 லட்சம் பேராம்! 1980ல 'டல்லாஸ்' வந்துதான் அந்த ரெக்கார்டை உடைச்சுது.

பூட்டிக் கிடக்கற ஒரு கேளிக்கைப் பூங்கா. கோபுரத்து உச்சியில வச்சு கிம்பிள்கிட்ட 'நான்தான் கொன்னேன்'னு ஒத்துக்கறான் அந்த ஜான்சன். கீழேர்ந்து ஜெரார்டே அவனைச் சுட்டுடறார். ஆனா பாருங்க, அவன் சொன்னதைக் கேட்டது கிம்பிள் மட்டும்தான். திரும்பவும் பழைய இடம்!

காப்பாத்தறது பக்கத்து வீட்டு லாய்ட் சாண்ட்லர். கொலை நடந்தப்ப அதே வீட்டுல நின்னு பார்த்த மனுஷன். போர்ல மெடல் வாங்கின வீரர். அன்னிக்கு பயத்துல அசையாம நின்னதை ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை வருஷம் வாயே திறக்கலை. எனக்கு ஜான்சனை விட இந்த ஆள் மேலதான் கோபம் கோபமா வந்துச்சு.

ஏன்னா இவரை எனக்குத் தெரியும். முன்னாடி வேலை பார்த்த இடத்துல, ஒரு நாள் ராத்திரி டேட்டாபேஸ்ல ஒரு டேபிளே காணாம போச்சு. நைட் ஷிஃப்ட்ல இருந்தது சேர்ந்து நாலே மாசமான ஒரு பையன். பழி அவன் மேல. ஸ்க்ரிப்டை ஓட்டின சீனியர் அதே மீட்டிங்ல லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாள் கழிச்சு டீக்கடையில அவரே சிரிச்சுக்கிட்டு சொன்னார். அன்னிக்கு சாயங்காலமே பையனுக்கு போன் பண்ணேன். அதுக்குள்ள வேற ஊர், வேற வேலை. "விடுங்கண்ணா"ன்னான். அவ்வளவுதான்.

சாண்ட்லராவது கடைசியில சாட்சி சொல்ல சம்மதிக்கறார். கிம்பிள் விடுதலை. கோர்ட்டு வாசல்ல ஜெரார்ட் கையை நீட்ட, கிம்பிள் குலுக்கறார். (நானா இருந்தா சந்தேகம்தான்.) நகர்ந்து போறப்ப ஒரு போலீஸ் கார் வந்து நிக்குது. அதைப் பார்த்ததும் மனுஷன் உடம்பு தானா ஒரு திடுக். ஓட்டம் நின்ன நாள்னு பின்னணிக் குரல் தேதியைச் சொல்லி முடிக்குது.

சாண்ட்லரை நீங்க மன்னிப்பீங்களா மக்கா?