உறவுமுறை என்ற கட்டம்

மனுவின் முதல் வரியிலேயே என் பேனா நின்றுவிட்டது. ‘இறந்த முன்னாள் படைவீரரின்’ என்று எழுதியாயிற்று. அடுத்த சொல் என்ன? மனைவி என்றால் பொய். துணைவி என்றால் அலுவலகத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். எதிரே திரேஸ்புரத்துச் சித்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சித்தி எனக்கு ரத்த உறவல்ல, தெரு உறவு. அவள் அப்பா சங்குக்குளியாளி. கடலுக்குள் இறங்குபவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள் எங்கள் கரையில். தன் அக்காள் தங்கையின் தாலி அறுபட அவன் விடமாட்டானாம். சித்தியின் கழுத்தில் தாலி இல்லை. ராணுவத்திலிருந்து திரும்பிக் காவலாளி வேலை பார்த்த ஒருவரோடு 22 ஆண்டுகள் வாழ்ந்தாள். பக்கவாதத்தில் அவர் விழுந்த பிறகு குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அவள்தான்.

அவருக்கு ஊரில் மனைவி உண்டு. பிரிந்து பல காலம், விலக்கு வாங்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கு அது எளிதாக இருந்ததுமில்லை. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனைவிக்குப் பிறனோடு உறவு என்று காட்டினால் கணவனுக்குப் போதுமாயிருந்தது. கணவனின் அதே குற்றத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்துக் காட்டினால்தான் மனைவிக்கு விலக்கு கிடைத்தது. இருவரும் ஒத்துப் பிரியும் வழி 2001 திருத்தத்தில்தான் வந்தது. ஆகவே சித்திக்காகக் கோயிலில் ஓலை வாசிக்கப்படவேயில்லை.

குடும்ப ஓய்வூதியம் என்பது பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. சட்டப்படியான மனைவி இருக்கையில், தன்னோடு வாழ்பவளின் பெயரை வீரர் விரும்பினாலும் அதில் சேர்க்க முடியாது. உயிலில் எழுதிவைக்கவும் முடியாது என்று ஒரு ரயில்வே ஊழியரின் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோவைப் பக்கத்து வேலுசாமி–பச்சையம்மாள் வழக்கில், 2010இல், ‘திருமணத்தை ஒத்த உறவு’ எது என்று அதே நீதிமன்றம் வரையறுத்தது. இருவரும் மணம் புரியச் சட்டப்படி தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டுமாம். அங்கேயும் சித்திக்கு இடமில்லை. அந்தத் தீர்ப்பில் ‘கீப்’ என்ற சொல்லும் இருந்தது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அதை நீதிமன்றத்திலேயே எதிர்த்தார்.

வகுப்பில் நான் கற்பியல் நடத்துகிறேன். கரணம் பின்னால் வந்தது, ஏமாற்று புகுந்ததால் வந்தது என்று தொல்காப்பியர் சொல்வதை மாணவியருக்கு விளக்குகிறேன். கைவிடப்படுகிறவளுக்குக் காவலாக வந்த கரணம், கடைசிவரை கைவிடாதவளை வெளியே நிறுத்துகிறதே என்று அன்றுதான் உறைத்தது.

“அந்த அக்காவுக்குக் கிடைக்காமப் போயிருமா?” என்று கேட்டாள் சித்தி. ஊரில் இருக்கும் அந்த மனைவியைத்தான் சொன்னாள். “அவ வயித்துல அடிச்சு எனக்கு வேண்டாம் பிள்ள. அவளையும் விட்டுட்டுதான வந்தாரு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவரை அந்தப் பெண்ணைச் சித்தியின் எதிராளியாகவே நினைத்திருந்தேன். ஒருத்தியைத் தள்ளித்தான் இன்னொருத்தி நுழைய முடியும் என்று விதி வைத்தவர்கள் இந்த இரண்டு பெண்களும் அல்லர். கனடாவில் படைவீரரோடு ஓராண்டு இணைந்து வாழ்ந்தவரும் உரிமை கோரலாம். சட்டப்படியான மனைவியும் இருந்தால், வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கில் தொகையைப் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரிக்கிற கணக்கு நமக்கு மட்டும் வராதா என்ன?

“என்னன்னு எழுதட்டும் சித்தி?”

“அவரப் பாத்துக்கிட்டவன்னு எழுது.”

அப்படியே எழுதினேன்: ‘22 ஆண்டுகள் உடன் வாழ்ந்து, இறுதிவரை பராமரித்தவர்.’ ஒரு மாதத்தில் மனு திரும்பி வந்தது. ‘உறவுமுறை குறிப்பிடப்படவில்லை’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் மாணவியரில் ஒருத்தி என்றைக்காவது அந்த மேசைக்கு மறுபுறம் உட்காருவாள். அவளிடம் காட்ட வேண்டும்.